போருக்கு முன்னே வந்த ஓசை

பெருவளை ஆறு மலையிறங்கிச் சமவெளியில் அகன்று, கடலுக்கு இன்னும் ஆறு நாள் நடை இருக்கும்போதே இரண்டு கிளையாகப் பிரிந்து, ஒரு மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஒன்றுசேர்ந்த காலம் ஒன்று இருந்தது. அந்த மேட்டுக்கு நடுத்திட்டு என்று பெயர் இருந்தது. ஆறு பிரிந்த அதே இடத்தில்தான் இந்தக் கதையும் பிரிகிறது. மேல்கரையில் சொல்லும் பாடத்தில் மழை பெய்கிறது, கீழ்கரையில் சொல்லும் பாடத்தில் வெயில் அடிக்கிறது. ஒன்றில் குதிரைகள் வெள்ளை, இன்னொன்றில் கருப்பு. இதுவரை கேட்டு எழுதிய அறுபத்துமூன்று சொல்லல்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. ஆனால் ஓசை முதன்முதலில் கேட்டது தை மாதத்து உச்சிப்பொழுது ஒன்றில் என்பதையும், அப்போது தெற்குமுனையில், ஆற்றை நடந்தே கடக்கத்தக்க, இடுப்பளவுத் தண்ணீர் ஓடும் கடவில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது என்பதையும், அந்தக் கொக்கு அசையவேயில்லை என்பதையும் எந்தக் கரையும் மறுக்கவில்லை.

தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து ஒரு கொம்பு ஊதிற்று. பிறகு மூன்று பீரங்கிகள், பிறகு கணக்கற்ற குளம்புகள், பிறகு இரும்பின்மேல் இரும்பு, பிறகு ஒரு யானையின் பிளிறல், எவனோ ஒருவனின் சிரிப்பு, எங்கோ ஒரு மண்பானை விழுந்து உடைகிற சத்தம், அதன்பின் ஓர் இளைஞனின் குரல் “அக்கா!” என்று ஒருமுறை கூப்பிட்டது, ஒரு மூச்சு விடும் நேரம் எல்லாமே அடங்கியிருந்தது, பிறகு மறுபடியும் இரும்பு. நிழல் ஒரு சாண் நகரும்வரை இப்படி நடந்து முடிந்தபோது, கடவில் தண்ணீர் மட்டும் இருந்தது, தண்ணீரில் கொக்கு மட்டும் இருந்தது.

முதல் நாள் திட்டுக்காரர்கள் படகுகளைக் கவிழ்த்து அவற்றுக்கு அடியில் பிள்ளைகளை மறைத்தார்கள். இரண்டாம் நாளும் மறைத்தார்கள். மூன்றாம் நாள் பிள்ளைகள் வர மறுத்துவிட்டன. மாதம் முடிவதற்குள், எதற்குப்பின் எது வரும் என்பது கைக்குழந்தைக்கும் தெரிந்துபோயிற்று. இரண்டாவது பீரங்கிக்கு உலை வைத்து, யானை பிளிறும்போது கஞ்சி வடித்தால் சோறு பதமாக இருந்தது. மூன்றாவது பீரங்கிக்கும் குளம்புக்கும் இடையில் தாலி கட்டினால் தனியாக மேளம் வைக்க வேண்டியிருக்கவில்லை. சண்டைபோடுகிற பெண்டாட்டியும் புருசனும் இரும்புச் சத்தம் தொடங்கியதும் தங்கள் பேச்சு அயலாருக்குக் கேட்காது என்று குரலை உயர்த்தி, அது முடியும் தறுவாயில் தாழ்த்திக்கொண்டார்கள். கருவாடு காயப்போடுகிற உச்சிமாகாளி மட்டும், “அக்கா” என்ற குரல் வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெண்களைப் பார்த்துக் கேலி பேசுவாள்.

“ஏட்டி, உன் தம்பிதான் கூப்பிடுதான், என்னன்னு கேளேன்.”

“எனக்குத் தம்பியே கெடையாதே.”

“அப்ப உன் மாமியாருக்கு. அவதான் வாய் ஓயாம எல்லாரையும் கூப்பிடுதா, அவளையும் ஒருத்தன் கூப்பிடட்டும்.”

சிரிப்பார்கள். அதற்குப்பின் வருகிற ஒரு மூச்சு மௌனத்தில் அவர்களும் அடங்குவார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. பானை உடைவது எவர் வீட்டுப் பானை என்பதைப் பற்றி மட்டும் பல ஆண்டுகள் வாதம் நடந்தது.

ஆற்றுக்கு மேற்கே மலைநாட்டை ஆண்டது மேலரசு. மிளகும் தேக்கும் குதிரைகளும் அதனுடையவை. கிழக்கே கடல்வரை ஆண்டது கீழரசு. உப்பும் கப்பலும் துறைமுகமும் அதனுடையவை. இந்த இரு பேரரசுகளும் ஏன் மோதின என்று எழுதியவர்கள் பல காரணங்களைச் சொல்லியிருக்கிறார்கள்: மறுக்கப்பட்ட பெண், துறைமுகத்தில் எரிந்த ஒரு கப்பல், எல்லைக் காட்டில் வெட்டப்பட்ட தேக்கு, அரசவையில் ஒரு தூதனுக்குத் தரப்படாத இருக்கை. அத்தனையும் நடந்தவைதான். ஆனால் பெண் மறுக்கப்பட்டபின்னும் அவர்கள் இருபது ஆண்டுகள் ஒருவருக்கொருவர் மாம்பழம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கப்பல் எரிந்தபின்னும் அடுத்த கப்பலில் மிளகு ஏறிற்று. படுக்கும் பாய்க்கு அடியில் கல் கிடந்தால் புரண்டு படுத்து உறங்குவதுபோல் அந்தக் காரணங்களின்மேல் அவர்கள் உறங்கினார்கள். உறக்கத்தைக் கலைத்தது நடுத்திட்டின் நேர்மை.

நடுத்திட்டை இரு அரசும் எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்ததற்கு ஒரே காரணம், தாங்கள் நம்பக்கூடிய ஒரு வாய் உலகத்தில் எங்காவது இருக்க வேண்டும் என்று இரு பக்கமும் விரும்பியதுதான். திட்டின்மேல் எந்தப் படைவீரனும் கால்வைக்கக் கூடாது. பதிலுக்கு, திட்டில் கண்டது கேட்டது அனைத்தையும் இரு கரைக்கும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். அதற்கென்று தலைமுறைக்கு ஒருத்தி இருப்பாள். அவளைச் சொல்லாள் என்பார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் படகில் போய், கரையில் ஏறாமல், முழங்கால் தண்ணீரில் நின்று செய்தியைச் சொல்வாள். மறுநாள் மறுகரைக்குப் போய் அதே தண்ணீர் மட்டத்தில் நின்று அதே சொற்களைச் சொல்வாள். முதல் கரையில் மூச்சு வாங்கிய இடத்தில்தான் இரண்டாம் கரையிலும் மூச்சு வாங்க வேண்டும். எட்டுச் சொற்கள் அவள் வாயில் வரவே கூடாது: மேற்கு, கிழக்கு, இடம், வலம், இங்கே, அங்கே, நீங்கள், அவர்கள். திசை சொன்னவள் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டாள் என்பது விதி. ஒரு பக்கம் சேர்ந்த திட்டை மறுபக்கம் எரிக்கலாம் என்பது அந்த விதியின் மறுபாதி.

ஓசை வந்த ஆண்டில் சொல்லாளாக இருந்தவள் ஒப்பிலாள். இருபது வயது. தாயும் தகப்பனும் ஒரே வெள்ளத்தில் போனவர்கள். தன் காதில் விழுந்த எதையும் இரு அரசுக்கும் சொல்லியாக வேண்டியவள் என்பதால், அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். கருவாடு காயும் பாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் வாயை மூடிக்கொண்டு வெறுமனே புன்னகைப்பார்கள். யார் கருவுற்றிருக்கிறாள், யாருடைய வலை கிழிந்தது, யாருக்கு யார்மேல் கண் என்பதெல்லாம் அவளுக்கு எல்லோருக்கும் கடைசியில்தான், குழந்தை பிறந்த பிறகுதான் தெரியும். அவளைப் பெயர்சொல்லிக் கூப்பிட ஆளில்லை. கிழவரும் குழந்தையும் ‘சொல்லாளே’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரே ஒருவன் விலக்கு: எட்டு வயதுத் தம்பி உடையான். அவன் பேசுவதில் செய்தி எதுவும் இல்லை என்பதால் அவன் அவளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

“அக்கா, இன்னைக்கு ஒரு கெண்டை என்னையப் பார்த்துக் கண்ணடிச்சுது.”

“கெண்டைக்கு இமையே கெடையாதுலே.”

“அதான் எனக்கும் அதிசயமா இருந்துச்சு.”

சாயங்காலம் படகைத் திருப்பும்போது அவன் தண்ணீரில் இருந்தபடியே “அக்கா!” என்று கத்துவான், அவள் குடிசைக்குள் இருந்தபடியே “சோறு இருக்கு, வாலே” என்பாள். நாள் தவறாமல் அவள் வாயிலிருந்து வருகிற சொற்களில், மறுகரைக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிராத சொற்கள் அந்த மூன்று மட்டும்தான்.

ஓசையைப் பற்றிய செய்தியைத் திட்டுத்தலைவர் மாசானம் முன்னிலையில் அவள் கட்டினாள். “நாள்தோறும் உச்சிப்பொழுதில் ஓசை கேட்கிறது. கொம்பு ஒன்று. பீரங்கி மூன்று. குதிரைகள் பல. இரும்பு பல. யானை. ஆளைக் காணவில்லை.” ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை, அதில் பொய் இல்லை. மாசானம் தலையசைத்தார். அவள் மேல்கரையில் சொன்னாள், மறுநாள் கீழ்கரையில் சொன்னாள்.

ஓசை திட்டைத் தாண்டிக் கரைகளுக்கு எட்டவில்லை. அதனால் மேல்கரைக் கோட்டையில் இருந்தவர்கள், கீழ்கரை மரங்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படை பயிற்சி எடுக்கிறது என்று எண்ணினார்கள். கீழ்கரைக் கோட்டையில் இருந்தவர்கள், மேல்கரை மரங்களுக்குப் பின்னால் என்று எண்ணினார்கள். அவரவர் படையில் மூன்று பீரங்கி இல்லை. இரு பக்கமும் மூன்று மூன்று வார்த்தார்கள்.

மூன்றாம் ஆண்டு ஒரு பௌர்ணமியில் மேல்கரைப் படைத்தலைவர் குதிரையிலிருந்து இறங்கி, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகம் இருக்கும்படி ஈரமணலில் குந்தி உட்கார்ந்தார். நரைத்தவர், உறக்கமில்லாத கண்கள்.

“அம்மா, ஒன்றே ஒன்றுதான். ஓசை எந்தப் பக்கமிருந்து வருகிறது?”

அவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“சொல்லக் கூடாதென்றால் சொல்ல வேண்டாம். கையை நீட்டினால் போதும்.”

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். குனிந்து தன் முழங்காலை நனைத்துக்கொண்டிருந்த தண்ணீரைக் காட்டியிருக்கலாம். எந்தப் பக்கமும் இல்லை, இந்த ஆற்றிலிருந்து, இன்னும் ஒருவரும் இறங்காத இந்தக் கடவிலிருந்து என்று ஒரு விரலால் சொல்லி முடித்திருக்கலாம். கட்டிய கைகளைப் பார்த்துவிட்டு அவர் எழுந்தார்.

“சரி. புரிந்துவிட்டது” என்றார்.

மறுநாள் கீழ்கரைப் படைத்தலைவர், அவர் இளைஞர், மணலில் குந்தி உட்கார்ந்து அதையே கேட்டார். அவள் அதே கைகளை அதே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவரும், “சரி, புரிந்துவிட்டது” என்றார். திரும்பி வரும்போது ஒப்பிலாள் பெருமிதத்தோடு துடுப்புப் போட்டாள். தனக்கு முன்னால் இருந்த சொல்லாள்களில் ஒருத்திக்கும் இவ்வளவு கடினமான சோதனை வாய்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றிற்று. அந்த மாதமே இரு கரையிலும் மரம் வெட்டத் தொடங்கினார்கள். வெட்டவெளியில் இரு பக்கமும் படைவீடுகள் முளைத்தன. மேல்கரை ஒரு கோபுரம் எழுப்பினால், கோபுரம் ஒன்று எழும்புகிறது என்று அவள் கீழ்கரையில் சொல்ல வேண்டியிருந்தது. கீழ்கரை இரண்டு எழுப்பினால், கோபுரங்கள் இரண்டு எழும்புகின்றன என்று மேல்கரையில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தது. இரு பக்கமும் கொம்பு ஊதப் பழகின; யானை வாங்கின; ஓசையில் இருந்தவை ஒவ்வொன்றாகக் கரைகளில் வந்து சேர்ந்தன.

உடையானுக்குப் பதினாறு வயதில் காய்ச்சல் கண்டு தொண்டை கட்டிக்கொண்டது. பதினோரு நாள் அவன் சைகையால் பேசினான். பன்னிரண்டாம் நாள் காலை, வலை எடுத்துவிட்டுத் திரும்பும்போது, பழக்கம் விடாமல் தண்ணீரில் இருந்தே “அக்கா!” என்று கூப்பிட்டான். கனத்து, அடியில் சற்றுக் கரகரத்த ஒரு புதிய குரல். ஒப்பிலாள் அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். அந்தக் குரலை அவள் எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் கேட்டிருந்தாள்.

அன்று உச்சிப்பொழுதில் கொம்பு ஊதியபோதே திட்டு முழுதும் வேலையை நிறுத்திவிட்டது. யானை பிளிறிற்று, எவனோ சிரித்தான், பானை உடைந்தது, “அக்கா!” என்றது உடையானின் குரல் கடவிலிருந்து, உடையான் கரையில் வலை உதறிக்கொண்டு நின்றான். ஒரு மூச்சு மௌனம். உச்சிமாகாளி கேலி பேசவில்லை. அன்றுமுதல் அந்தப் பாய்களைச் சுற்றி எவளும் கேலி பேசவில்லை; அந்தக் குரல் வரும் நேரத்தில் பெண்கள் ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினார்கள்.

ஒப்பிலாள் மாசானத்திடம் போனாள்.

“பெரியப்பா, அது பயிற்சி இல்ல. இனிமே நடக்கப்போறது. அந்தக் கடவுலதான் நடக்கப்போவுது. எந்தக் கரையிலயிருந்தும் வரலன்னு சொல்ல எனக்கு உத்தரவு வேணும்.”

மாசானம் கையிலிருந்த வலையில் ஒரு கண்ணை முடிந்தார். “விதியை நான் போடல, தாயி. அதனால அதை எடுக்கவும் எனக்கு ஏலாது. நீ திசை சொன்னா நாளைக்குத் திட்டுல நூத்துப்பத்து குடிசையும் எரியும். ஒருத்தன் குரலா, நூத்துப்பத்து கூரையா, நீயே சொல்லு.”

“திசையா சொல்லப்போறேன்? எந்தத் திசையும் இல்லன்னுல்ல சொல்லப்போறேன்.”

“அதைக் கேக்குதவன் எப்படிக் கேப்பான்?”

அவள் உத்தரவில்லாமலேயே சொன்னாள். “இந்த ஓசை அவர்களிடமிருந்து வரவில்லை. இன்னும் நடக்காத போரின் ஓசை இது. ஒருவரும் கடவில் இறங்காவிட்டால் இது வெறும் ஓசை.” விலக்கிய சொற்களில் ஒன்று அவள் வாயில் வந்துவிட்டது, ஆனாலும் இரு கரையிலும் ஒரே மூச்சில்தான் சொன்னாள்.

மேல்கரைப் படைத்தலைவர் இப்போது முழுக்க நரைத்துவிட்டிருந்தார். “எட்டு ஆண்டு சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறாய்” என்றார். “யார் சொல்லச் சொன்னது?” கீழ்கரைப் படைத்தலைவருக்கும் நரை தொடங்கியிருந்தது. “இவ்வளவு நாள் வாய் திறக்காதவள். யார் சொல்லச் சொன்னது?” என்றார். நடக்கப்போகிற போர் என்றால் முந்திக்கொள்ள வேண்டியதுதான் என்று இரு தலைநகரங்களுக்கும் ஓலை போயிற்று. அந்த ஓலைகள் மட்டும் ஒன்றைப்போல் ஒன்று இருந்ததாகச் சொல்கிறார்கள். திட்டை எவரும் எரிக்கவில்லை. அவளை இரு பக்கமும் நம்பாததால் அவள் ஒரு பக்கமும் சேர்ந்தவளாகக் கொள்ளப்படவில்லை. அவளைத் திட்டுக்காரர்கள் திட்டவும் இல்லை. அவள் நடக்கும் வழியில் இருந்த பாய்களைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பதினோராம் ஆண்டு, கடவின் ஆழம் அறிந்த ஆட்கள் வேண்டும் என்று இரு அரசும் ஒரே வாரத்தில் கேட்டன. திட்டு தன் வழக்கப்படி சமமாகக் கொடுத்தது: அந்தப் பக்கம் ஏழு பேர், இந்தப் பக்கம் ஏழு பேர், நாணல் முறித்துச் சீட்டு எடுத்தார்கள். சொல்லாளின் தம்பி என்பதால் உடையான் பெயர் சீட்டில் இல்லை. ஆனால் கீழ்கரைக்கென்று விழுந்தவர்களில் ஒருவன் படகுத்துறையில் வழுக்கி இடுப்பு ஒடிந்து கிடந்தான். ஏழுக்கு ஆறுதான் இருந்தது. கடவின் ஆழம் அறிந்த இளைஞர்களில் மிச்சமிருந்தவன் உடையான் ஒருவன். கூட்டத்தில் அவன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“ஆறுக்கு ஏழுன்னா திட்டு சாஞ்சுதான் நிக்கும்” என்று சொல்லிக்கொண்டே அவனே எழுந்தான். “நான் போறேன், பெரியப்பா. கீழ்கரையில மீன்கொழம்பு நல்லா இருக்குமாம்.”

கரைக்குப் போகிறவனுக்கும் சொல்லாளுக்கும் உறவு இருக்கக் கூடாது. அதற்கு ஒரு சடங்கு உண்டு: தென்னங்கயிற்றின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவனும் பிடிக்க, தலைவர் நடுவில் வெட்டுவார், அதற்குப்பின் அக்கா என்றும் தம்பி என்றும் அவர்களுக்குள் சொல் கிடையாது, அவன் எந்தக் கோலத்தில் எதிரே வந்தாலும் அவள் அவனோடு பேசக் கூடாது. பேசினால் திட்டு கீழ்கரையைச் சேர்ந்துவிட்டதாக ஆகும். மாசானம் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் இருவரும் கயிற்றின் இரு முனையில் நின்றார்கள்.

“கடவுக்கு மட்டும் போகாதலே” என்றாள் ஒப்பிலாள். “என்ன சாக்கு வேணும்னாலும் சொல்லு.”

“கடவு தெரியும்னுதானே கூட்டிட்டுப் போறான்.”

“உனக்குத் தெரியாது. அதுல உன்…”

“எனக்கும் காது இருக்குக்கா. மூணு வருசமா நானும்தான் கேக்கேன்.” அவன் கயிற்றை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். “ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு நான் கூப்பிட்டா பதில் சொல்லுவியா?”

“சொல்லாள் பதில் சொல்லக் கூடாதுலே. நூத்துப்பத்து குடிசை.”

“தெரியும்” என்றான். “அதான் அதுல பதில் இல்ல.”

அரிவாள் இறங்கிற்று. “நல்ல கயிறு, பெரியப்பா, வீணாக்கிட்டீங்களே” என்று சொல்லிவிட்டு, தன் கையில் மிஞ்சிய பாதியை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் படகேறினான். அவள் கையில் மிஞ்சிய பாதியை அவள் என்ன செய்தாள் என்பதில் பாடங்கள் வேறுபடுகின்றன.

அதற்குப்பின் ஒரு வருடம் ஒப்பிலாள் ஒவ்வொரு உச்சிப்பொழுதும் தெற்குமுனைக்குப் போய் உட்கார்ந்தாள். தன்னைக் கூப்பிடுகிற ஒரே குரல் நாளுக்கு ஒருமுறை தண்ணீரிலிருந்து கூப்பிட்டது. அதற்குப்பின் வருகிற மௌனம் தன்னுடையது என்பதை அவள் அறிந்திருந்தாள். அந்த ஒரு மூச்சில் பதில் சொல்லாமல் நிற்கிறவள் எப்படி நிற்பாள், வாயைப் பொத்திக்கொண்டா, முகத்தைத் திருப்பிக்கொண்டா என்று கண்ணுக்கு எட்டாத அந்தப் பெண்ணைத் தேடிக் கடவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மௌனத்தில் அவள் பலமுறை வாய் திறந்ததும் உண்டு. கடவில் கொக்கு மட்டும் நின்றது, சொல்வதற்கு ஆளில்லை.

பன்னிரண்டாம் ஆண்டு, தை மாதத்தில் ஒரு நாள், ஓசை வரவில்லை.

உச்சிமாகாளி கையில் பானையோடு வாசலில் வந்து நின்றாள். “ஏட்டி, கொம்பே ஊதலியே, உலை வைக்கவா வேண்டாமா?” என்று கேட்டாள், அல்லது கேட்டதாக வாய் அசைந்தது. அவள் குரல் வெளியே வரவில்லை. நாய் குரைத்தது, சத்தமில்லை. ஆறு ஓடிற்று, சத்தமில்லை. அப்போது வெட்டவெளியாகிவிட்ட இரு கரைகளிலிருந்தும் இரு பேரரசுகளின் படைகளும் ஒரே நேரத்தில் கடவை நோக்கி இறங்கத் தொடங்கின. ஒருவன் கொம்பை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினான், காற்றுக்கூட வரவில்லை. மூன்று பீரங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைந்தன, நிலம் அதிர்ந்தது, காதுக்கு எதுவும் எட்டவில்லை. திட்டுக்காரர்கள் வியக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக நாள்தோறும் செலவழித்த ஓசையில் போருக்கென்று எதுவும் மிச்சமில்லை என்பது அவர்களுக்கு உடனே விளங்கிற்று. ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீருக்குள் ஒருவரையொருவர் வெட்டினார்கள், ஊமைகள் நெல் அறுப்பதுபோல்.

ஒப்பிலாள் தெற்குமுனையில் நின்றாள். அடுத்து எது என்பது அவளுக்கு மனப்பாடம். குளம்புகள் போயின. இரும்பு. ஒரு யானை துதிக்கையை உயர்த்தி வாயைத் திறந்தது, மூடியது. அம்பு தைத்து மல்லாந்து மிதந்து வந்த ஒருவன், எதை நினைத்தோ, வானத்தைப் பார்த்துச் சிரித்தான். திரும்பிப் பார்த்தாள், உச்சிமாகாளியின் கையிலிருந்து பானை நழுவி, வாசற்கல்லில் சத்தமில்லாமல் உடைந்து சிதறிற்று. யார் வீட்டுப் பானை என்ற வாதம் அத்துடன் முடிந்தது.

அடுத்தது அவனுடையது.

அவள் கடவைப் பார்த்தாள். இருநூறு அடிக்கு அப்பால், இடுப்பளவுத் தண்ணீரில், இடுப்பில் பாதிக் கயிறு கட்டிய ஒருவன், விலாவைக் கையால் பொத்திக்கொண்டு, படைக்கு முதுகைக் காட்டித் திட்டின் பக்கம் திரும்பினான். அவன் வாய் திறந்தது. எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சொல் எத்தனை நீளம், எங்கே கரகரக்கும், எங்கே முடியும் என்பதை அவளைவிட அறிந்தவர் இல்லை.

மௌனம் வந்தது. அந்த ஒரு மூச்சு. அவளுக்குப் பின்னால் நூற்றுப்பத்துக் கூரைகள் இருந்தன. அவற்றின் கீழ் இருந்தவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசானம் இரு கைகளையும் குவித்து வேண்டாம் என்பதுபோல் நின்றார், கும்பிடுவதுபோலும் இருந்தது. ஓசையில் இந்த இடத்தில் பதில் இருந்ததில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் இருந்ததில்லை. அதனாலேயே, அன்று அந்தக் கடவில் செலவாகாமல் மிச்சமிருந்த ஓசை அது ஒன்றுதான்.

“சோறு இருக்கு, வாலே” என்றாள் ஒப்பிலாள்.

குரல் கேட்டது. ஆறும் நாயும் யானையும் பீரங்கியும் வாயடைத்துப்போயிருந்த அந்த வெளியில், சாயங்காலம் குடிசைக்குள்ளிருந்து கூப்பிடுகிற ஒரு பெண்ணின் குரல் தண்ணீரின்மேல் தடையில்லாமல் போயிற்று. மேல்கரைப் படைக்கும் கேட்டது, கீழ்கரைப் படைக்கும் கேட்டது. ஒருவரைப் பார்த்துச் சொன்னது அது. சொல்லாள் ஒருத்தி ஒரு கரைக்கு மட்டும் சொன்ன சொல் அதற்கு முன் இல்லை. திட்டின் காலம் அதோடு முடிந்தது.

அதற்குப்பின் நடந்ததை மேல்கரைப் பாடம் ஒருவிதமாகச் சொல்கிறது: வெட்டிக்கொண்டிருந்த எல்லோரும் ஒரு கவளம் சோறு மெல்லும் நேரம் கையை நிறுத்தினார்கள், பிறகு தொடர்ந்தார்கள், போர் ஒன்பது ஆண்டுகள் நடந்தது. கீழ்கரைப் பாடத்தில் ஒருவரும் நிறுத்தவில்லை, பதினோரு ஆண்டுகள். திட்டை மேலரசு எரித்ததாகச் சிலர் சொல்கிறார்கள். மறு ஆண்டு வெள்ளம் கொண்டுபோனதாகச் சிலர் சொல்கிறார்கள். இன்று அங்கே மணல்கூட இல்லை. உடையான் தண்ணீரோடு வந்து அவள் முழங்காலில் தட்டி நின்றான் என்பது ஒரு பாடம். நடந்தே வந்தான், கை நனைத்தான், உட்கார்ந்து சாப்பிட்டான், பிறகுதான் விழுந்தான் என்பது இன்னொன்று. அவன் முகம் மட்டும் அந்தக் குரல் வந்த பக்கமே திரும்பியிருந்தது என்பதில் ஐயமில்லை. அவள் அதற்குப்பின் எவ்வளவு காலம் இருந்தாள், யாரோடு பேசினாள், அவளை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை எந்தப் பாடமும் சொல்லவில்லை.

அறுபத்துமூன்று சொல்லல்கள். குதிரையின் நிறம் ஒத்துப்போகவில்லை, மழை ஒத்துப்போகவில்லை, வென்றது யார் என்பதும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கதை கடவுக்கு வந்து, பானை உடைந்து, அவன் வாய் திறந்து மூடியபின், மேல்கரையில் சொல்கிறவரும் கீழ்கரையில் சொல்கிறவரும் அதே இடத்தில் நிறுத்துகிறார்கள், அதே ஒரு மூச்சு வாங்குகிறார்கள். பிறகு ஒரே மூன்று சொற்களைச் சொல்கிறார்கள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.